சாண்டோஸில் பெய்யும் மழை

பத்துப் பேர் சேர்ந்தால்தான் குப்பியை உடைப்பார்களாம். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கிறது, உடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும், மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடலை மிட்டாய் மாதிரி ஒன்றிரண்டாக எடுத்துக் கொடுக்க முடியாது என்று நர்ஸ் கதவைத் திறந்ததுமே சொல்லிவிட்டாள். தூத்துக்குடியில் வாரத்துக்கு ஒரு நாள்தான் இந்த ஊசி. தொபியாஸ் கொரைரா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பேர் தாளை எழுதிக் கொடுத்தாயிற்று. பத்தாவது தாள் அவர் மடியில் இருந்தது. பெயர், வயது, போகும் நாடு மூன்றையும் எழுதிவிட்டார். அடுத்தது போகும் காரணம். வேலை, வியாபாரம், படிப்பு, சுற்றுலா என்று நான்கு கட்டங்கள், ஒன்றில் கோடு போட வேண்டும். சுற்றுலா என்று போட்டால் மனைவி மெற்றில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாள், கொழும்பைத் தாண்டாத மனுசனுக்குச் சுற்றுலாவைப் பாரு என்று. அவள் போய் எட்டு மாதம். பேனாவை மூடினார், திறந்தார். போவதென்றே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் காரணத்துக்கு எங்கே போவது? மத்தியானத்துக்குள் ஃபாதர் விக்டோரியான் போன் செய்வார். போகிறீர்களா, இல்லை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்பார். பிரேசிலில் சாண்டோஸ் என்கிற துறைமுகத்தில் மகன் ஜெர்வினைப் புதைத்து வருகிற மாதத்தோடு மூன்று வருஷம் முடிகிறது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒருவருக்கு மூன்று வருஷம்தான் இடம். அதற்குப் பிறகு தோண்டி, எலும்பை எடுத்துவிட்டு, குழியை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சொந்தக்காரர் வந்தால் எலும்பு அவர் கையில். யாரும் வராவிட்டால் பொதுக் குழி. வர முடியாதவர் கையெழுத்து அனுப்பினால், அங்கே கப்பல்காரர்களைக் கவனிக்கிற பாதிரியார் ஒருவர் எடுத்துச் சுவரில் ஒரு மாடத்துக்குள் வைத்துவிடுவாராம். "கையெழுத்துப் போதும் தொபியாஸ். இந்த வயசுல அவ்வளவு தூரம் போய் அதையெல்லாம் பாத்துத்தான் ஆகணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல" என்று ஃபாதர் சொல்லியிருந்தார். போவதென்றாலும் டிக்கெட்டைக் கப்பல்காரர் சபையே எடுத்துத் தருகிறது. எந்தப் பக்கமும் அடைப்பில்லை. அதுதான் தொல்லை. ஒரு பக்கம் அடைத்திருந்தால் மறுபக்கம் நடந்து போயிருப்பார்.

எலும்பை எடுப்பது அவருக்குப் புதிதில்லை. இங்கேயும் குடும்பக் கல்லறை என்றால் அப்படித்தான். அடுத்த ஆள் போகும்போது குழி வெட்டுகிறவன் மூடியை நகர்த்தி, பழைய எலும்பைச் சாக்கில் சேர்த்து, புதிதாக வருகிறவரின் தலைமாட்டில் வைப்பான். மெற்றில்டாவுக்குத் தோண்டினபோது அம்மாவின் எலும்பு வந்தது. பக்கத்தில் நின்று பார்த்தார். காய்ந்து, லேசாக, உப்பு மண் ஒட்டி, பழைய மரச்சாமான் உடைந்ததுபோலக் கிடந்தது. யாரோ டீ வாங்கி வந்து நீட்டினார்கள், குடித்தார். அப்போது ஒன்றும் செய்யாத மனசு இப்போது ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவருக்கே தெரியும், தெரிந்துதான் அந்தப் பக்கம் போகாமல் கடலை மிட்டாய், கட்டம், பேனா என்று சுற்றிக்கொண்டிருக்கிறார். ஃபாதர் கடைசியில் குரலை இறக்கிச் சொன்ன ஒரு விஷயம். "இன்னொண்ணும் சொல்லிடணும் தொபியாஸ். அங்க மழை ஜாஸ்தியாம். மண்ணு ஈரமா இருந்தா, சில சமயம், மூணு வருசத்துல முழுசா ஆகியிருக்காதாம். அப்படின்னா பாத்துட்டுத் திரும்ப மூடிருவாங்களாம். அதையும் யோசிச்சுக்கிடுங்க." முழுசா ஆகியிருக்காது. எது ஆகியிருக்காது என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோயில் வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் அது உள்ளே இறங்கியது.

"ஐயா, தாளைக் குடுக்கப் போறியளா, இல்ல விசிறிக்கிட்டே இருக்கப் போறியளா?" எதிர்ப் பெஞ்சிலிருந்து தனபாண்டி கேட்டான். முந்திரி வியாபாரி. ஆப்பிரிக்காவில் பெனினுக்குக் கொட்டை வாங்கப் போகிறவன், வந்ததிலிருந்து அறை முழுவதற்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். "நீங்க குடுத்தாத்தான் எங்களுக்கு விமோசனம். இன்னைக்கு விட்டா அடுத்த வாரம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் சர்டிபிகேட் செல்லுமாம். நான் போய் இறங்குறதுக்குள்ள வியட்நாம்காரன் கொட்டையெல்லாம் வாங்கிட்டு, தோலைக்கூட விட்டு வைக்க மாட்டான்." நர்ஸ் தலையை நிமிர்த்தாமலே, "அவரைப் புடுங்காதீங்க அண்ணாச்சி. அறுபது தாண்டினவுகளுக்கு டாக்டரம்மா பேசிட்டுத்தான் போடணும்" என்றாள். "பேசட்டும்மா, யாரு வேண்டாம்னா. பேசுறதுக்குத் தாளைக் குடுக்கணும்லா?" என்று அவன் மற்றவர்களைப் பார்க்க, இரண்டு பேர் சிரித்தார்கள். தொபியாஸும் சிரித்து வைத்தார். தன்னால் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது காதில் ஏறிய தண்ணீர் மாதிரி உறுத்தியது. எழுந்து போய்விட்டால் என்ன? போகிறேன் என்று முடிவு செய்தவர்கள் போட்டுக்கொள்கிற ஊசியை, முடிவு செய்யாதவன் வந்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நியாயமா? ஆனால் போட்டுக்கொண்டால் போயே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. போடாவிட்டால் போக முடியாது, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் ஊசி ஒரு முடிவே இல்லை. அப்படியானால் தாளைக் கொடுத்துவிடலாம். கொடுக்கலாம் என்று நினைத்த கை பேனாவை மறுபடி மூடியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எட்டித் தாளைப் பார்த்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், மணப்பாட்டுக்காரன், பெயர் வால்டர், கப்பலில் எஞ்சின் பக்கம். "பிரேசிலா மாமா? எந்த போர்ட்?" சாண்டோஸ் என்று அவர் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. "சாண்டோஸா! நான் நாலு தடவை போயிருக்கேன். சீனி ஏத்த, சோயா ஏத்த. நல்ல ஊரு மாமா. கடற்கரை ஓரமா பெரிய பெரிய கட்டடம், பாதி ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். குடிச்சிட்டுப் பாத்தா நேரா தெரியும்." அவனே சிரித்துக்கொண்டான். "எல்லாம் நம்ம ஊருப் பேருதான். ஏஜென்ட் பேரு மச்சாடோ, டாக்ஸிக்காரன் கோமஸ். என் பேருல பர்னாந்துன்னு பாத்துட்டுப் போர்ச்சுகீஸ்ல பேச ஆரம்பிச்சிருவான். திருதிருன்னு முழிச்சேன்." தொபியாஸுக்கு அது தெரியும். ஃபாதர் போனில் காட்டிய கல்லறைப் படத்தில் இரண்டு பக்கத்துச் சிலுவைகளிலும் பெயர்கள் இருந்தன. இடது பக்கம் ஒரு மிராண்டா, வலது பக்கம் ஒரு ரொட்ரிகஸ். நடுவில் ஜெர்வின் கொரைரா. இவருடைய தெருவில் இரண்டு வீடு தள்ளி மிராண்டா வீடு, முக்கில் ரொட்ரிகோ. என்றைக்கோ வந்த போர்ச்சுக்கீசியன் கடற்கரையில் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனான், அதே பெயரைக் கொண்டுபோய் உலகத்தின் மறுபாதியிலும் கொடுத்திருக்கிறான். அந்தச் சிலுவையைப் பார்க்கிறவன் உள்ளூர்ப் பையன் ஒருவன் என்று நினைத்துத் தாண்டிப் போவான். தூத்துக்குடியிலிருந்து வந்து கப்பலின் சரக்கு அறைக்குள் இறங்கினான், கெட்டுப்போன தானியத்தின் விஷக் காற்றில் மயங்கி விழுந்தான், அவனைத் தூக்க இறங்கினவனும் மயங்கினான், அவன் பிழைத்தான், இவன் பிழைக்கவில்லை என்று அந்தப் பெயர் யாருக்குச் சொல்லும்? "ஒண்ணே ஒண்ணு மாமா" என்றான் வால்டர், "குடை எடுத்துக்கிடுங்க. எந்நேரமும் மழை. மலை பக்கத்துலயே இருக்கா, மேகம் வந்து முட்டி ஊத்திக்கிட்டே இருக்கும். துணி காயாது, சட்டையெல்லாம் பூத்துப் போயிரும்." தொபியாஸ் தலையாட்டினார். துணி காயாது. மூன்று வருஷம், எந்நேரமும் மழை. அந்த ஊரைப் பற்றி இவன் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லிவிடக் கூடாதே என்று கடியாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவன் மனைவியிடமிருந்து போன் வர, எழுந்து வெளியே போனான்.

முகம் இருக்குமோ? இதோ, வந்துவிட்டது. மூன்று நாளாக எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் இங்கே வந்துதான் முட்டுகிறது. நெற்றியில் தைத்த தழும்பு, கேரம் போர்டின் மூலை குத்தி ஏழு வயதில் வந்தது, அது இருக்குமோ? அந்த மீசை? இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு அடி போய், திடுக்கிட்டுத் திரும்பிவிடுவார். திரும்பினால் பெர்க்மான்ஸ் நிற்பான். தம்பி. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி புயலில் கவிழ்ந்தது. தொபியாஸும் அந்தத் தோணியில் போகிறவர்தான், அந்த நடைக்கு வயிற்றுக்கடுப்பு என்று தங்கிவிட்டார். ஆறாம் நாள் வேம்பார் பக்கம் ஒரு உடல் ஒதுங்கியது. போலீஸ்காரர்கள் இவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மீன் விட்டு வைக்கவில்லை. கழுத்தில் உத்தரியம் கிடந்தது. மாதா படம் போட்ட அந்தச் சின்னத் துணிக்கு அம்மா ஓரத்தில் நீல நூலால் சங்கிலித் தையல் போட்டிருந்தாள், மகன்கள் இரண்டு பேருக்கும் அவளே தைத்தது, கடலில் அவ்வளவு ஊறியும் நீலம் போகவில்லை. என் தம்பிதான் என்றார். தூக்கிக்கொண்டு வந்து, மணியடித்து, பூசை வைத்து, குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். நாற்பதாம் நாள் கழிந்து, தோணியை ஓட்டிப்போய்க் கரைசேர்ந்து பிழைத்த தண்டல் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தோணி உடைகிற நேரத்தில் வீரபாண்டியன்பட்டணத்துச் சிலுவை என்கிற ஆள் பயந்து கத்தினானாம். முதல் நடை வந்தவன். பெர்க்மான்ஸ் தன் உத்தரியத்தைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, மாதா பாத்துக்கிடுவா, கத்தாதே என்றானாம். தோணிக்காரர்கள் அப்படிச் செய்வது உண்டு. பயப்படுகிறவனுக்குத் தன்னுடையதைக் கழற்றிப் போடுவார்கள். இவரும் இரண்டு தடவை போட்டிருக்கிறார். அப்படியிருந்தும் உடலைக் காட்டின அன்றைக்கு அது புத்தியில் படவில்லை. நீல நூலைப் பார்த்ததும் வாய் சொல்லிவிட்டது. அம்மா தண்டல் சொன்னதைக் கேட்டாள். அடுப்பில் எதுவோ தீய்ந்துகொண்டிருந்தது, போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "அந்தப் புள்ளைக்கும் ஒரு எடம் வேணும்ல. கிடக்கட்டும்" என்றாள். கல்லறைத் திருநாளுக்குச் சிலுவையின் பெண்சாதி பஸ் ஏறி வருவாள், அவளும் அம்மாவும் ஒரே கல்லின் மேல் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா சாகும்வரை அப்படி. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தொபியாஸுக்குப் போதவில்லை. யாருடைய உடலாக இருந்தாலும் ஒன்றுதான் என்றால் எலும்பு எங்கே கிடந்தால் என்ன, கையெழுத்தே போதும். ஒன்றில்லை என்றால், இன்னொரு தடவை குழிக்கு முன்னால் நின்று, இது என் பிள்ளைதான் என்று சொல்ல வேண்டும். எதைப் பார்த்து? முகத்தைப் பார்த்து.

நர்ஸ் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள், தாள்கள் படபடத்தன. மெற்றில்டாவாக இருந்தால் யோசித்திருக்க மாட்டாள். மூன்று வருஷக் கணக்கை ஃபாதர் முதலில் சொன்னபோது அவள் உயிரோடு இருந்தாள், மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். போட்டோவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்து இவருக்கு எரிச்சல் வந்தது. கல்யாணத்துக்கா போறே என்று கேட்டார். "எம் புள்ளையப் பாக்கப் போறேன், மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டா போவாக?" என்றாள். மழையைப் பற்றி அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பாள். சர்க்கரை முற்றி, தவக்காலத்தில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் போலீஸ்காரன் ஒருவன் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "மேடத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க சார், ஆளை நேர்ல பாக்கணும்" என்றான். தொபியாஸ் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார். அவன் எழுந்து நின்றுவிட்டான். பிறகு, என்ன எழுதுவது என்று தெரியாமல், "அட்ரஸ் கரெக்ட்தானே?" என்று கேட்டான். கரெக்ட்தான் என்றார். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவளுக்காகத்தான் போகிறேன் என்று வைத்துக்கொண்டால் சுலபம். மகனைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைக்கிறேன் என்று. அப்படியும் சொல்லிப் பார்த்தார், பொய்யாக ஒலித்தது. அவளுக்கு இனி ஒன்றும் வேண்டாம். போக வேண்டும் என்று அரிக்கிறது இவருடைய சொந்த அரிப்பு. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஃபாதரிடம்கூட, பாவசங்கீர்த்தனத்தில்கூட. மண் ஈரமாக இருக்க வேண்டும் என்று மனசின் ஒரு மூலை ஆசைப்படுகிறது. முழுசாக ஆகியிருக்கக் கூடாது என்று. விமான நிலையத்தில் சோதனை வாசலுக்கு அந்தப் பக்கம் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிக் கையாட்டிவிட்டுப் போன முகத்தை இன்னும் ஒரு தடவை, எந்த நிலையில் ஆனாலும். நல்ல மனுசனுக்கு வருகிற நினைப்பா இது? பெற்ற பிள்ளை மண்ணோடு மண்ணாகி நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று நினைக்காமல், அழுகாமல் இரு, நான் வருகிறேன் என்று ஒரு தகப்பன் நினைப்பானா? வியர்த்தது. மின்விசிறிக் காற்றில் அந்த வியர்வை குளிர்ந்து, சட்டை முதுகில் ஒட்டியது. பயம் முகத்தைப் பார்ப்பதில் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. போய் நின்று, மூடியைத் திறந்து, காய்ந்த எலும்பு மட்டும் இருந்தால், அங்கே அத்தனை பேருக்கும் முன்னால் தனக்கு ஏமாற்றமாக இருக்குமே, அந்த ஏமாற்றத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? பயம் அங்கே இருந்தது.

"கொரைரா சார், தாள் எழுதாட்டியும் பரவாயில்ல, டாக்டரம்மா கூப்பிடுறாக" என்றாள் நர்ஸ். எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது. தனபாண்டி கையைக் கூப்பி, "போய் நல்ல முடிவா எடுத்துட்டு வாங்க, ஒம்பது குடும்பம் உங்க கையிலதான் இருக்கு" என்றான். டாக்டர் சின்னப் பெண், இவருக்கு மகள் இருந்தால் அந்த வயதிருக்கும். முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். ஒத்துக்கொள்ளும். ஏற்கெனவே வேறு வியாதி? இல்லை. "ஐயா, இது உயிருள்ள கிருமி. சக்தியைக் குறைச்சு வச்சிருப்பாங்க. இளவயசுக்காரங்களுக்கு ஒண்ணும் செய்யாது. உங்க வயசுல லட்சத்துல ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல் வந்தா கவனிக்க வீட்டுல யார் இருக்கா?" யாரும் இல்லை என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படின்னா நல்லா யோசிங்க. போயே ஆகணுமா? என்ன விஷயமாப் போறீங்க?" எதிரே சுவரில் கொசுப் படம் ஒன்று பெரிதாக ஒட்டியிருந்தது. அதன் கால்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெற்றில்டாவுக்கு மூச்சு நின்றபோது வீட்டில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் அழுகையில் இருந்தார்கள், அவள் வாய் திறந்தபடி இருந்தது. அந்த நிமிஷத்தை எண்ணி எத்தனையோ மாதம் உள்ளுக்குள் நடுங்கியிருக்கிறார், அது வந்தால் தானும் விழுந்துவிடுவோம் என்று. வந்தபோது கை போய்க் கொடியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தது, தாடையைத் தூக்கிக் கட்டியது, முடிச்சு உச்சியில் உறுத்துமே என்று கொஞ்சம் காதுப்பக்கம் தள்ளிப் போட்டது. ஊக்கு இருந்தால் குடுங்க என்று தன் குரல் கேட்டதைத் தானே கேட்டார். அதற்குப் பிறகு அழுதார். அழுகை காத்திருந்தது. "என் மகன் அங்க செத்துப்போனான்மா. அடுத்த மாசம் தோண்டுறாங்க. பக்கத்துல ஆள் நிக்கணும்" என்றார். சொல்லும்போதே, சாண்டோஸில் நின்று எதைச் சொல்ல வேண்டி வந்தாலும் இந்தக் குரலில்தான் சொல்வோம் என்று தோன்றியது. ஏமாற்றம் வந்தாலும், வேறு எது வந்தாலும், அதுவும் கொஞ்சம் காத்திருக்கும். டாக்டர் தாளை வாங்கி, கட்டங்கள் எதிலும் கோடு போடாமல், கீழே தானே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு, "காய்ச்சல் அடிச்சா போன் பண்ண ஒரு ஆள் நம்பர் வேணும் ஐயா, யாராவது ஒருத்தர்" என்றாள். இவர் போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கதவோரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தனபாண்டியின் முகத்தில் கேலி எதுவும் இல்லை. "என் நம்பரைப் போடுங்க டாக்டரம்மா" என்றான். "பத்து நாளு இங்கதான் கிடப்பேன். ஐயா, வீடு எங்க, சொல்லுங்க?"

குப்பியை உடைத்தார்கள். நர்ஸ் வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தாள், இவருக்குக் கடைசியில். எறும்பு கடித்த அளவு. போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்று எல்லோரையும் பெஞ்சுக்கே அனுப்பினாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொபியாஸ் உட்கார்ந்தார். தோளில் மெதுவாக ஒரு சூடு பரவியது, நிஜமாகவா, நினைப்பா என்று தெரியவில்லை. அந்த நாட்டுக் காய்ச்சலின் கிருமி உள்ளே உயிரோடு இருக்கிறது. விமானம் எத்தனை மணி நேரம், எங்கே மாற வேண்டும், இறங்கியதும் யார் கையைப் பிடிப்பது என்று நேற்று ராத்திரி வரை கூட்டமாக நின்ற பயங்கள் எங்கே போயின என்று தேடினார். போகவில்லை, எல்லாம் இருந்தன. இனி அவை தன்னைக் கேள்வி கேட்காது, கூட வரும், அவ்வளவுதான். வால்டர் மறுபடி வந்து உட்கார்ந்து, டாக்டர் அறையில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும், தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மன்னிச்சிருங்க மாமா. குடை அது இதுன்னு உளறிட்டேன்." "நல்லதுதான சொன்னே" என்றார். "எடுத்துக்கிட்டுத்தான் போகணும்."

போன் அடித்தபோது ஜன்னலுக்கு வெளியே லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தது, ஃபாதரின் குரல் பாதிதான் கேட்டது. போறேன் ஃபாதர் என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "சரி தொபியாஸ். மாதா தொணை இருப்பா. அங்க தோண்டும்போது நீங்க ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்கிடலாம், முடிச்சுட்டுப் பெட்டியைக் கையில குடுப்பாங்க. அதுல ஒண்ணும் தப்பில்ல." "இல்ல ஃபாதர். நான் பக்கத்துல நிக்கிறேன்." "ஆகலேன்னா மூடிருவாங்க. வெறுங்கையோட திரும்பி வரணும்." "தெரியும். மூடுறப்பவும் நிக்கிறேன்." ஃபாதர் பெருமூச்சு விட்டது லாரிச் சத்தத்திலும் கேட்டது. காகிதங்களைச் சபை பார்த்துக்கொள்ளும் என்றார், டிக்கெட் தேதி சொன்னார். பிறகு, "பெட்டி அங்கேயே கிடைக்கும், பிளாஸ்டிக்ல. வாங்கி வைக்கச் சொல்லவா?" என்று கேட்டார். பிளாஸ்டிக் வேண்டாம், இங்கேயே ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் செய்து கொண்டுபோகிறேன் என்றார் தொபியாஸ், அப்படியொரு எண்ணம் அந்த நொடி வரை அவருக்கு இருந்ததில்லை. "செய்யலாம். அளவு மட்டும் கவனிக்கணும். தொடை எலும்புதான் எல்லாத்துலயும் நீளம். அது படுக்குற நீளம் இருந்தா மத்ததெல்லாம் உள்ள அடங்கிரும்னு எழுதியிருக்காங்க." சரி என்று போனைச் சட்டைப் பையில் போட்டார். பஞ்சை எடுத்துப் பார்த்தார், ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. தனபாண்டி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தான். தொபியாஸ் உட்கார்ந்தபடியே வேட்டியின் மேல் கையை வைத்து, இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வரை சாணால் அளந்தார். இரண்டு சாணும் கொஞ்சமும் வந்தது. ஜெர்வின் இவரைவிட உயரம். முழங்காலுக்கு அப்பால், பெஞ்சின் விளிம்பைத் தாண்டி, வெறும் காற்றில் இன்னும் நான்கு விரல் கூட்டி வைத்துப் பார்த்தார்.